இன்டர்நெட் போட்ட சோறு

"இன்டர்நெட் சோறு போடுமா?" என்று அப்பா கேட்டார். எல்லா அப்பாக்களும் கேட்கிற கேள்விதான். கேட்டுவிட்டு ரசத்துக்குப் போய்விடுவார்கள், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். நான் "போடும்" என்று சொல்லிவிட்டேன்.

அப்போது இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்களுக்குக் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் இரண்டாவது மாடியில் வீடு. நான் செங்கல்பட்டில் கல்லூரி முதல் வருடம். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. அப்பாவும் அவருடைய நண்பர் ஒருவரும் உதிரி உதிரியாக வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சட்டையில்லாமல் தரையில் உட்கார்ந்து கோத்தது. அதற்கு அம்மா பழைய திரைச்சீலையில் உறை தைத்துப் போட்டிருந்தாள். உறையைக் கழற்றினால் சீட்டாடலாம், கோணல்மாணலாகப் படம் வரையலாம், அவ்வளவுதான். இணைப்பு கிடையாது. படகெல்லாம் இருந்து தண்ணீர் மட்டும் இல்லாத முட்டுக்காடு படகுத்துறை மாதிரி அது அந்த மூலையில் உட்கார்ந்திருந்தது.

இணைப்பு வேண்டும் என்று நான் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா இரண்டு காரணங்களால் மறுத்தார். ஒன்று, இன்டர்நெட் வருவது போன் லைனில்தான், அது ஓடுகிற நேரத்தில் போன் அடிக்காது. சேலத்திலிருந்து பெரியப்பா கூப்பிட்டால் என்ன நினைப்பார்? இரண்டு, சோறு போடாது.

அப்பாவுக்கு வேலை, அளவு காட்டும் கருவிகள் சரியாகத்தான் காட்டுகின்றனவா என்று சோதிப்பது. அதனால் எந்தப் பேச்சையும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டார். நான் "போடும்" என்றதும் ரசத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப ஒண்ணு பண்ணு. காணும் பொங்கலுக்கு அதுல இருந்து ஒரு சாப்பாடு எடுத்துட்டு வா. மூணு வீட்டு ஆளுங்களும் ஒரு வாயாவது சாப்பிடணும். யாரும் துப்பலைன்னா கனெக்‌ஷன் வாங்கறேன்."

"துப்பிட்டா?"

"உன் டிகிரி முடியற வரைக்கும் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

மூன்று வீடு என்பது எங்கள் பிளாக்கில் கீழ்வீடு, எதிர்வீடு, நாங்கள். ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் மூன்று குடும்பமும் ஒரே வேனில் மாமல்லபுரம் போய், கடற்கரை ஓரத்துச் சவுக்குத் தோப்பில் பெட்ஷீட் விரித்துச் சாப்பிடுவோம். ஆளுக்கு இரண்டு ஐட்டம். எல்லா வருடமும் புளியோதரை மூன்று வீட்டிலிருந்தும் வந்துவிடும். ஆகவே புதிதாக ஒன்று வந்தால் வரவேற்புத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். டிகிரி முடிய இன்னும் இரண்டரை வருடம். தோற்றால் இரண்டரை வருடமும் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில், பிளைவுட் தடுப்புக்குள், முன்னால் உட்கார்ந்திருந்தவன் விட்டுப்போன சிப்ஸ் தூளுக்கு நடுவில்தான் என் உலகத் தொடர்பெல்லாம் நடக்கும்.

மறுநாளே அங்கே போனேன். பண்டிகைச் சாப்பாடு என்று ஆங்கிலத்தில் தட்டினேன். பக்கம் கீழிறங்க ஐந்து நிமிடம் ஆனது. முதலில் வந்தது வான்கோழி, முழுசு. அதை நான் எங்கே போய்ப் பிடிப்பது? வேடந்தாங்கலில் பறவை ஏராளமாக இருக்கிறது என்றாலும் அவற்றைப் பார்க்கத்தான் அனுமதி. அடுத்தது பரங்கிக்காயில் செய்த ஏதோ ஒரு இனிப்பு. பரங்கிக்காய் என்றால் அப்பா சாம்பாரில் போட்டாலே தட்டின் ஓரத்துக்கு ஒதுக்குகிற ஆள். அதற்கடுத்து, பேர் தெரியாத ஒரு சிவப்புப் பழத்தில் துவையல். கடைசியாகத்தான் அது வந்தது: கிரீன் பீன் கேசரோல்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பீன்ஸ் சந்தையில் இருக்கிறது. கேசரோல் வீட்டிலேயே இருக்கிறது.

எங்கள் பக்கத்து வீடுகளில் கேசரோல் என்றால் ஒரே பொருள்தான். ஹாட் பாக்ஸ் என்றும் சொல்வார்கள். வெளியே பிளாஸ்டிக், உள்ளே எவர்சில்வர், இறுக்கமான மூடி. காலையில் சப்பாத்தியை அடுக்கி மூடினால் மத்தியானம் வரை சூடாக இருக்கும். எந்தக் கல்யாணத்திலும் குறைந்தது மூன்று பேர் அதைத்தான் பரிசாகக் கொண்டுவருவார்கள். அம்மாவின் கேசரோல் செட் மட்டும் கல்யாணத்தில் வந்தது இல்லை. டவுன்ஷிப் மகளிர் மன்றம் நடத்திய கோலப் போட்டியில் முதல் பரிசாக வாங்கியது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று. பெரியது நீல நிறம், பக்கவாட்டில் ரோஜாப்பூ. அதை அவள் உபயோகித்ததே இல்லை. ஸ்டிக்கரைக் கூடப் பிரிக்காமல் ஷோகேஸில் வைத்திருந்தாள். வீட்டுக்கு யாராவது வந்தால் அந்தப் பக்கமாகப் பார்க்கிற மாதிரி நாற்காலியைப் போடுவாள்.

அமெரிக்காக்காரர்கள் பண்டிகைக்குப் பீன்ஸைக் கேசரோலில் வைத்துச் செய்கிறார்கள். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. இட்லியை இட்லிப் பானையில் செய்வதில்லையா?

இரண்டு பக்கம் அச்செடுத்தேன். பிரவுசிங் சென்டரின் பிரிண்டரில் மை கொட்டிக் கிடந்ததால், சாப்பாட்டின் புகைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு சதுரம் மட்டும் வந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்து தெளிவாக இருந்தது. அடியில் அந்தக் குறிப்பை எழுதிய அம்மாள் தன் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, ஐயம் இருந்தால் எனக்கு எழுதுங்கள் என்று போட்டிருந்தார். ஐயமே இல்லாத ஆளுக்கு அது எதற்கு?

அப்பா தாளை வாங்கினார். எதிர்க்கட்சி ஆள்தான். ஆனால் எண்களைக் கண்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. முதலில் கண்ணில் பட்டது முந்நூற்று ஐம்பது டிகிரி.

"ஃபாரன்ஹீட்டா, செல்சியஸா?"

போடவில்லை. "அமெரிக்காக்காரங்க எழுதினதுன்னா ஃபாரன்ஹீட்டுதான்," என்று அவரே சொல்லி, தாளின் ஓரத்தில் முப்பத்திரண்டைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்தார். நூற்றெழுபத்தாறு புள்ளி ஆறு ஏழு. இதைக் கவனிக்காமல் செல்சியஸில் வைத்திருந்தால் பீன்ஸ் என்ன கதி ஆகியிருக்கும் என்று எனக்கு ஐந்து நிமிடம் விளக்கினார். பிறகு அவுன்ஸை கிராமாக்கினார். அமெரிக்கக் கப் என்பது நம் காபி டம்ளர் இல்லை என்று சொல்லி, அம்மாவின் டம்ளர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் எங்கே வரை ஊற்ற வேண்டும் என்று ஆணியால் கோடு கிழித்தார். அம்மா அந்த டம்ளரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கடைசியில் மிளகுத்தூளில் வந்து நின்றார். ஒரு டேஷ் மிளகுத்தூள் என்று எழுதியிருந்தது.

"டேஷ்னா கோடிட்ட இடம்," என்றார் அப்பா. "அளவை நாமளே நிரப்பிக்கணும்னு விட்டிருக்கா."

நாங்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தோம் என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். அந்தத் தாளில் எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத சொல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தலைப்பில் இருந்தது.

அம்மாவுக்குக் காளான்தான் பிரச்சினை. காளான் சூப் டின் வேண்டும் என்று போட்டிருந்தது. டின் எங்கும் கிடைக்கவில்லை. மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கும் தெருவில் ஒரு கடையில் காளான் சூப் பொடிதான் பாக்கெட்டில் கிடைத்தது. வாங்கி வந்தேன். அம்மா பாக்கெட்டைப் பிரிக்காமலே முகர்ந்தாள். "மழை பெஞ்சா குப்பைமேட்டுல முளைக்குமே, அதைக் காய வச்சு அரைச்சா அனுப்புறாங்க?" என்றாள். ஆனால் அவளுக்கும் உள்ளூர ஆசை இருந்தது. கனெக்‌ஷன் மேல் இல்லை. முதல் பரிசுக் கேசரோல் மாமல்லபுரம் தோப்பில் மூன்று குடும்பத்துக்கு நடுவில், ரோஜாப்பூ எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்காரும் என்ற ஆசை. நான் கேட்டதும் ஷோகேஸைத் திறந்து அவளே எடுத்துக் கொடுத்தாள். துடைத்தும் கொடுத்தாள்.

வறுத்த வெங்காயம் என்று ஒன்று மேலே தூவ வேண்டும். மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்தது. படித்துச் சொன்னதும் அம்மா, "பக்கோடான்னு சொல்ல வேண்டியதுதானே," என்று முடித்துவிட்டாள்.

இனி ஓவன். கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் வட்டமாக ஒரு அலுமினிய ஓவன் இருந்தது. பிறந்தநாள் கேக்கெல்லாம் அதில்தான் ஆகும். பொங்கலன்று சாயங்காலம் கேசரோலைத் தூக்கிக்கொண்டு போனேன். உயரம் இடித்தது. மூடியை எடுத்துவிட்டு வைத்தாலும் இடித்தது. ஆன்ட்டி கேசரோலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, இது ஓவனில் வைக்கிற பாத்திரம்தானா, செய்ததைப் போட்டு எடுத்துப் போகிற பாத்திரமா என்று கேட்டார். இவர்களுக்கு வெளிநாட்டுச் சமையல் தெரியாது என்று எனக்குள் ஒரு அனுதாபம் எழுந்தது. அமெரிக்காவில் ஓவன் பெரிதாக இருக்கும் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

புதுப்பட்டினம் பஜாரில் ஒரு பேக்கரி. பழைய விறகு அடுப்பு, ஒரு மாட்டுவண்டியையே உள்ளே விடலாம் போல வாய். அன்று ரொட்டி வாங்கும் சாக்கில் அப்பா போய், அடுப்பு எத்தனை டிகிரி என்று விசாரித்தார். பேக்கரிக்காரர் பனியனில் மாவைத் துடைத்துக்கொண்டே, உள்ளே கையை விட்டால் பன்னுக்குப் பத்து எண்ணலாம், ரொட்டிக்கு அஞ்சு எண்ணலாம், அதுதான் டிகிரி என்றார். அப்பா முகம் சுருங்கி வீடு திரும்பினார். அப்புறம் ஒரு துண்டுத்தாளில் '176.67, தாண்டக் கூடாது' என்று எழுதி என்னிடம் கொடுத்தார். அதைப் பேக்கரிக்காரரிடம் எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

காணும் பொங்கல் காலை. வேன் பத்தரைக்கு. ஏழு மணிக்கே நானும் அம்மாவும் பீன்ஸை வேகவைத்து, சூப்பைக் காய்ச்சி, பாதிப் பக்கோடாவை நொறுக்கிப் போட்டுக் கலந்துவிட்டோம். மீதிப் பாதி பக்கோடா மேலே தூவ; அதை எட்டரைக்குத் தூவினால் நமத்துவிடும் என்று அம்மா டப்பாவில் போட்டு வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். சைக்கிள் கேரியரில் கேசரோலைக் கட்டிக்கொண்டு நான் பஜாருக்குப் போனேன்.

பேக்கரிக்காரர் காலைப் பன்னை எல்லாம் இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, ஹாட் பாக்ஸோட வந்துகீற? பன்னு எட்த்துனு போவணுமா?"

"இல்லண்ணா. இதை அப்படியே உள்ள வைக்கணும்."

"உள்ளன்னா?"

"அடுப்புக்குள்ள."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பிளாஸ்டிக்குமா இது."

"உள்ள எவர்சில்வர்ணா. பாருங்க, ஆறு மணி நேரம் சூடு தாங்கும்னு போட்டிருக்கு. நாம வைக்கப்போறது அரை மணி நேரம்தான்."

இந்த வாதத்தை இப்போது எழுதும்போது எனக்கு வியர்க்கிறது. அன்று அதில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை. அவர் கேசரோலைத் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தார். ஸ்டிக்கர் நான் சொன்னதையேதான் சொன்னது.

"ரொட்டி டப்பா தரேன், தகரம். அதுல ஊத்தி வச்சா இன்னா?"

இங்கேதான் நான் தப்பித்திருக்கலாம். கடவுள் பனியன் போட்டுக்கொண்டு எதிரில் நின்று தகர டப்பாவை நீட்டினார். நான், "அப்புறம் அது கேசரோலா இருக்காதேண்ணா," என்றேன். தாளை எடுத்துத் தலைப்பைக் காட்டினேன். அந்தப் பாத்திரத்தின் பெயரைத்தான் சாப்பாட்டுக்கே வைத்திருக்கிறார்கள் என்றேன்.

"எங்கிருந்து எட்த்த இத?"

"இன்டர்நெட்லண்ணா."

அவர் தாளை மரியாதையாக இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். கறுப்புச் சதுரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "படிச்ச புள்ள சொல்ற," என்றார். நீளமான மரத் துடுப்பில் அம்மாவின் முதல் பரிசை ஏற்றி, அடுப்பின் வாய்க்குள் தள்ளினார்.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. நான் அவரிடம் இன்டர்நெட்டின் பயன்களை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாவு விலையெல்லாம் வருமா என்று கேட்டார். வரும் என்றேன். அப்போது வாசனை வந்தது. வாசனை என்பது மரியாதைக்குச் சொல்வது. பக்கத்து சைக்கிள் கடைக்காரர் எங்கேயோ ஒயர் எரிகிறது என்று கத்தினார். பேக்கரிக்காரர் துடுப்பை எடுத்துக்கொண்டு ஓடினார்.

வெளியே வந்ததைக் கேசரோல் என்று யாரும் அடையாளம் சொல்ல முடியாது. நீலப் பிளாஸ்டிக் பாவாடை மாதிரி கீழே வழிந்து பரவியிருந்தது. எவர்சில்வருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் மஞ்சளாக ஒரு நுரைப் பஞ்சு இருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்; அது உப்பி, பொங்கி, எல்லாப் பக்கமும் பிதுங்கி நின்றது. பொங்கலோ பொங்கல் என்று சொல்லாததுதான் பாக்கி. நடுவில் எவர்சில்வர் கிண்ணம் மட்டும் நேராக உட்கார்ந்திருந்தது, உள்ளே பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. அதிலும் அந்த நாற்றம்தான். ரோஜாப்பூ ஒன்று துடுப்பில் ஒட்டிக்கொண்டது.

அடுப்புத் தரைச் செங்கல்லிலும் பிளாஸ்டிக் சொட்டியிருந்தது. பேக்கரிக்காரர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கத்தியிருந்தால் பரவாயில்லை. நிதானமாகப் பேசினார்.

"இத்த சுரண்டி எட்த்து, கழுவி, மறுபடி சூடேத்தணும். மத்தியானத்துக்கு ரொட்டி இல்ல. ஊரே வந்து கேக்கும், நான் இன்னா சொல்றது? பீன்ஸுனு சொல்லட்டா?"

ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்து கரண்டியால் செங்கல்லைச் சுரண்டினேன். பீன்ஸைக் குப்பையில் கொட்டினோம். தெருநாய் ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதற்கப்புறம் வருடக்கணக்கில் அந்த பஜாரில் என் பெயர் 'இன்டர்நெட்டு'.

வீட்டுக்கு வந்து கிண்ணத்தை அம்மாவிடம் நீட்டினேன். மிச்சம் அதுதான். அம்மா அதைப் பார்த்தாள், என் பின்னால் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள். "மீதி எங்கடி?" என்றாள். அப்பா மட்டும், "டிகிரி தாண்டிருச்சா?" என்று கேட்டார்.

வேன் கிளம்பியது. அம்மா மாமல்லபுரம் வரை ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். தோப்பில் வழக்கமான மூன்று புளியோதரைகளும் வந்திறங்கின. எங்கள் இரண்டாவது ஐட்டமாக அந்தப் பாதிப் பக்கோடா டப்பா இருந்தது. பெட்ஷீட்டில் வைத்து இரண்டு நிமிடத்தில் காலியாகிவிட்டது. மூன்று வீட்டு ஆட்களும் சாப்பிட்டார்கள். யாரும் துப்பவில்லை. எதிர்வீட்டு அங்கிள் டப்பாவைக் கவிழ்த்துத் தூளைக் கூட வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது.

"அப்பா, அந்தப் பக்கோடா ரெசிபில இருக்கிறதுதான். இன்டர்நெட்டுல இருந்து வந்தது. எல்லாரும் சாப்பிட்டாச்சு."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். அவர் யோசித்த விதத்தில் எனக்கு நம்பிக்கை வந்தது.

"பக்கோடா உங்க அம்மாது," என்றார். "அதுக்கு இருபது வருஷமா ரெக்கார்ட் இருக்கு. இன்டர்நெட்டுல இருந்து வந்தது பீன்ஸு. அது எங்க?"

எல்லோரும் கடலைப் பார்க்கப் போனார்கள். நான் மூன்று புளியோதரைப் பாத்திரங்களுக்குக் காவலாக உட்கார்ந்து, இரண்டரை வருடம் என்பது எத்தனை சனிக்கிழமை என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது திடீரென்று பேசினாள்.

"அதை எழுதினவளுக்கு அட்ரஸ் இருக்கா?"

"இருக்கு. மெயில்."

"நாளைக்கு நானும் வரேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

எழுதினவள் மேல்தான் தப்பு என்று ஒரு வாரம் யோசித்து அம்மா தீர்ப்புக்கு வந்திருந்தாள். என் மேல் பாதி போட்டால் கேசரோலை எடுத்துக் கொடுத்தவள் என்று தன் மேலும் கொஞ்சம் வரும். அதைவிட அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது நல்லது. அப்பா, இதற்கெல்லாம் பதில் வராது என்றார். அவர் சொன்ன விதத்தைப் பார்த்தால், பதில் வந்துவிடக்கூடாது என்கிற மாதிரி இருந்தது.

சனிக்கிழமை அம்மா பட்டுப்புடவையில் பிரவுசிங் சென்டருக்கு வந்தாள். பிளைவுட் தடுப்புக்குள் ஒரே ஸ்டூல். அதில் அவள் உட்கார்ந்தாள், நான் நின்றுகொண்டு தட்டினேன். அவள் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலமாக்க வேண்டும். "நல்லா இருக்கீங்களா, வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு போடு," என்று ஆரம்பித்தாள். சண்டைக்குப் போகும்போதும் அது இல்லாமல் முடியாது. "அப்புறம், எந்தக் கேசரோல்னு நீங்க எழுதலை. பிளாஸ்டிக்கை வைக்காதீங்கன்னு ஒரு வரி போட்டிருந்தா என்ன? கோலப் போட்டியில வாங்கினது அது. மூணு மணி நேரம் குனிஞ்சு போட்டேன். இதையும் போடு." எல்லாவற்றையும் போட்டேன். கோலத்துக்கு எத்தனை புள்ளி என்பதையும் போடச் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை பதில் வந்திருந்தது.

நீளமான பதில். அந்த ஊரில் கேசரோல் என்றால் கண்ணாடியிலோ மண்ணிலோ செய்த தட்டையான பாத்திரமாம். அதில் செய்கிற சாப்பாட்டுக்கும் அதே பெயராம். சூடு போகாமல் வைக்கிற பெட்டிக்கு அங்கே வேறு பெயர். முப்பது வருடமாகச் சமையல் குறிப்பு எழுதுகிறாராம், இப்படி ஒரு கடிதம் வந்ததே இல்லையாம். மிகவும் வருந்துகிறாராம். நான் படித்துச் சொன்னேன். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாரி கேட்டுட்டாளா?"

"ரெண்டு தடவை கேட்டிருக்காங்க."

"நல்ல மனுஷி," என்றாள் அம்மா. "அவளுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேளு."

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் இருவரும் செங்கல்பட்டு போனோம். அந்த அம்மாள் பக்கோடா செய்முறை கேட்டார். அம்மா கொடுத்தாள், "கடலை மாவு" என்பதை அவருக்குப் புரியவைக்கவே ஒரு வாரம் ஆனது. அவர் கணவருக்கு மூட்டுவலி. அம்மா முடக்கத்தான் கீரையைப் பற்றி எழுதச் சொன்னாள். கீரையை அஞ்சலில் அனுப்ப முடியுமா என்று என்னைக் கேட்டாள். அப்பா சனிக்கிழமைகளில் காலையில் செய்த எலுமிச்சை சாதத்தை மத்தியானம் தனியாகச் சாப்பிட்டார். முதல் இரண்டு வாரம் கௌரவமாகத்தான் இருந்தார். மூன்றாவது வாரம், பஸ்ஸில் கூட்டமாக இருக்கும், துணைக்கு வருகிறேன் என்று அவரும் கிளம்பி, பிரவுசிங் சென்டர் வாசலில் நின்றுகொண்டார்.

அன்றைக்குப் பதிலில் அந்த அம்மாள் அம்மாவுக்கு நன்றி சொல்லியிருந்தார். போன கடிதத்தில் நீங்கள் எழுதிய பறவை விஷயத்தை எங்கள் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், இங்கே குளிர்காலத்தில் காணாமல் போகும் பறவைகள் உங்கள் ஊர் ஏரியில் இருப்பதை நினைத்தால் மனசுக்குச் சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். நான் சத்தமாகப் படித்துவிட்டேன். வாசலில் நின்ற அப்பா உள்ளே வந்தார்.

"என்ன எழுதினே?" என்று அம்மாவைக் கேட்டார்.

"வேடந்தாங்கலுக்கு வர்ற பறவையெல்லாம் உங்க ஊருதான், பத்திரமா இருக்குன்னு எழுதினேன். இவ போட்டா."

"அமெரிக்கால இருந்து எப்படி வரும்? அது சைபீரியா."

"வெளிநாடுதானே."

அப்பாவின் முகம், பேக்கரி அடுப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி ஆனது. ஒரு தெரு முழுக்கத் தவறான தகவலோடு வாழ்ந்துகொண்டிருக்கிறது. அனுப்பியது அவர் வீட்டிலிருந்து. அம்மாவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் தட்டுகிறேன் என்றதற்கு, ஏற்கெனவே நீ தட்டியதுதான் இது என்றார். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். 'மதிப்பிற்குரிய அம்மையாருக்கு, கீழ்க்காணும் திருத்தத்தை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அரை வரி முடிவதற்குள் எங்கள் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த ஆள் பின்னால் வந்து நின்றார்.

பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை அப்பா டிக்கெட்டின் பின்பக்கம் ஏதோ எழுதிக்கொண்டு வந்தார். அப்புறம், "கனெக்‌ஷனுக்கு ஃபாரம் எங்க கிடைக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

"நான்தான் தோத்துட்டேனேப்பா."

"உனக்கில்லை. எனக்கு வேலை இருக்கு."

பத்து நாளில், ஒரு செவ்வாய்க்கிழமை, இணைப்பு வந்தது. அன்று சாயங்காலம் அம்மா உறையைக் கழற்றி நான்காக மடித்து வைத்தாள். மோடம் பெட்டி கீச்சென்று கத்தி, கரகரத்து, விசிலடித்து, கடைசியில் அடங்கியது. நான் நாற்காலியை நோக்கி ஒரு அடி வைத்தேன். அப்பா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு முழுத்தாள், இரண்டு பக்கமும் எழுதிக் கொண்டுவந்திருந்தார். எந்தப் பறவை எங்கிருந்து எந்த மாதம் வருகிறது, நாரையும் கூழைக்கடாவும் உண்மையில் எவ்வளவு தூரம் பறக்கின்றன என்று வரிசை எண் போட்டு. ஒரு விரலால் தட்டத் தொடங்கினார். நான் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் நின்றோம். முக்கால் மணி நேரத்தில் மூன்றாவது பறவைக்கு வந்தார்.

அதற்குள் அம்மா அலுத்துப்போய்க் கூடத்துக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் திரையில் எல்லாம் அப்படியே நின்றது. ஒரு கட்டம் வந்தது, இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று சொன்னது. அப்பா கூடத்துப் பக்கம் திரும்பினார்.

"யாரு போனை எடுத்தது?"

"நான்தான்," என்றாள் அம்மா. "கீழ்வீட்டுல கூப்பிட்டு, நம்ம வீட்டுக்கு இன்டர்நெட் வந்திருச்சுன்னு சொல்லலாம்னு எடுத்தேன்."

அப்பா தாளைத் திருப்பி வைத்து, முதல் பறவையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். எனக்கு முறை வந்தபோது ஞாயிற்றுக்கிழமை ஆகியிருந்தது.